புகையினுள் ஒரு விளக்கு

இருளை வெல்ல விளக்கு வேண்டும் என்பது குழந்தையும் அறிந்த உண்மை. ஆனால் இருள் இருவகைப்படும் என்பதை நாம் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒளி இல்லாமையால் உண்டாகும் இருள் ஒன்று. கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே திரையொன்று விழுவதனால் உண்டாகும் இருள் மற்றொன்று. முதலாவது, விளக்கைக் கண்டதும் விலகும். இரண்டாவதோ விளக்கைக் கண்டு விலகுவதில்லை. சிலவேளைகளில் விளக்கினாலேயே வளரவுஞ் செய்யும். எரியும் கட்டடத்தினுள் புகுகின்ற தீயணைப்பு வீரர் எதிர்கொள்ளும் இருள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அவருடைய தலைக்கவசத்தில் எத்தகைய விளக்கைப் பொருத்துவது என்னும் வினா பார்வைக்குச் சிறியதாயினும், அதன் பின்னே இருநூறு ஆண்டு வரலாறு இருக்கின்றது. பல உயிர்களும் அதனைப் பொறுத்திருக்கின்றன.

மட்டக்களப்பு வாவியை அறிந்தவர்களுக்கு இவ்விரண்டு இருளும் புதியனவல்ல. இரவிலே ஆழங்குறைந்த நீரில் விளக்கு வைத்து மீனும் இறாலும் பிடிப்பது நம் கரையோரங்களில் நெடுநாளாய் நிலவிவரும் தொழில். காய்ந்த ஓலையை இறுகக் கட்டிக் கொளுத்திய சூள் முதலில் இருந்தது. பின்னர் அரிக்கன் லாம்பும் பெற்றோமாக்சும் வந்தன. அதற்கும் பின்னர் வந்த மின்விளக்கிற்கு நம் நாட்டுத் தமிழர் மின்சூள் என்று பெயரிட்டனர். ஓலைச் சூளின் நினைவு அப்பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. சூள் பிடிப்பவன் அதனைத் தன் முகத்துக்கு நேரே பிடிக்கமாட்டான். கையை நீட்டிப் பக்கவாட்டிலோ, தோணியின் முன்னணியத்துக்கு அப்பாலோ பிடிப்பான். சுடர் கண்ணருகே நின்றால் சுடரே தெரியும், மீன் தெரியாது. மார்கழிப் பனிமூட்டத்தில் கல்லடிப் பாலத்தின்மேல் வண்டியோட்டுபவருக்கும் இவ்வுண்மை தெரியும். முகப்பு விளக்கை முழுமையாக ஏற்றினால் வீதி மறைந்து வெண்சுவர் ஒன்று எதிரே எழும். விளக்கைத் தாழ்த்தினால் வீதி மீண்டுவரும்.

இவ்வுண்மையைத் தொழில் உலகம் கற்றுக்கொண்ட வரலாறு நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்குகின்றது. 1812ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள ஃபெலிங் என்னும் ஊரின் சுரங்கத்தில் வாயு தீப்பற்றி வெடித்ததில் தொண்ணூறுக்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். விளக்கின்றி அவர்களால் வேலை செய்ய இயலாது. அந்த விளக்கின் சுடரே அவர்களுக்குக் கூற்றுவனாகவும் அமைந்தது. இவ்விபத்தின் பின்னர் பலர் பாதுகாப்பு விளக்கொன்றை ஆக்க முயன்றனர். 1815இல் சேர் ஹம்பிரி டேவி, சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலையை அமைத்தார். வலை வெப்பத்தைப் பரப்பி உறிஞ்சிக்கொள்வதனால், உள்ளே எரியும் தீ வெளியிலுள்ள வாயுவைப் பற்றவில்லை. அதே ஆண்டில் ஜோர்ஜ் ஸ்டீபன்சனும் தம் வழியில் ஒரு விளக்கை ஆக்கினார். ஆயினும் டேவியின் விளக்கிற்கு ஒரு குறை இருந்தது. கம்பிவலை தீயைத் தடுத்ததோடு ஒளியையும் தடுத்தது. மெழுகுவர்த்தியிலும் மங்கலாகவே அது எரிந்தது. பாதுகாப்பு வேண்டின் ஒளி குறையும், ஒளி வேண்டின் பாதுகாப்புக் குறையும் என்னும் இழுபறி அன்று தோன்றியது. விளக்குத் தேர்வில் அது இன்றும் தீர்ந்தபாடில்லை.

இதே காலத்தில் புகைக்குள் மனிதனை அனுப்பும் முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. 1823இல் சார்ள்ஸ் டீன் என்பவர் புகைத் தலைக்கவசம் ஒன்றுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். செம்பினாலான கவசம் தலையை மூடும். குழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே செலுத்தப்படும். எரியும் கப்பல் அறைகளிலும் வீடுகளிலும் புகுந்து பொருளையும் உயிரையும் மீட்பதே அதன் நோக்கம். அந்நோக்கத்துக்கு அது பெரிதும் பயன்படவில்லை. சில ஆண்டுகளில் சார்ள்ஸும் அவர் சகோதரர் ஜோனும் அதனை நீருக்குள் கொண்டு சென்றனர். சுழியோடிகளின் செப்புத் தலைக்கவசம் இவ்வாறு பிறந்தது. புகைக்கென ஆக்கிய கருவி கடலில் வாழ்வு பெற்றது தற்செயல் எனத் தோன்றலாம். ஆனால் மூச்சுக்குக் காற்றில்லை, கண்ணுக்கு வழியில்லை என்னும் இரு இடர்களும் புகைக்கும் கலங்கிய நீருக்கும் பொதுவானவை.

மட்டக்களப்புக் கடலிலேயே இவ்வொற்றுமைக்குச் சான்று ஒன்று கிடக்கின்றது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் பிரித்தானியாவின் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. முந்நூறுக்கு மேற்பட்டோர் அன்று மாண்டனர். ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அக்கப்பல் இன்றும் கிடக்கின்றது. சுழியோடிகள் அதனைக் காணச் செல்கின்றனர். நீரில் துகள்கள் மிதக்கும்போது விளக்கை நெற்றிக்கு நேரே வைத்தால் துகள்களே மின்னுமென்பது அவர்கள் தொழிலின் முதற்பாடங்களுள் ஒன்று. நீரடியில் படம் பிடிப்போர் தம் ஒளிக்கருவியை நீண்ட தாங்கிகளில் ஏற்றி, படக்கருவியை விட்டு விலக்கியே பொருத்துகின்றனர். தோணியில் சூள் பிடித்தவன் கையை நீட்டிய காரணமும் இதுவே.

தீயணைப்பு வீரரின் தலைக்கவசம் தனியொரு வழியில் வளர்ந்தது. 1824இல் எடின்பரோ நகரத்துத் தீயணைப்புப் படையை ஒழுங்குபடுத்திய ஜேம்ஸ் பிரெயிட்வூட், தம் வீரர்கள் தீயின் அடிப்பாகம்வரை உள்ளே சென்று நீர் பாய்ச்ச வேண்டும் என்று வற்புறுத்தினார். வெளியே நின்று சாளரத்தின் வழியாக நீர் வீசுவது அக்காலத்து வழக்கம். உள்ளே செல்வது விதியானபோதே புகைக்குள் பார்ப்பதெப்படி என்னும் கேள்வியும் பிறந்துவிட்டது. பிரெயிட்வூட் 1861இல் இலண்டன் தூலித் தெருத் தீயில் சுவர் இடிந்து வீழ்ந்து உயிர்நீத்தார். அவருக்குப் பின்வந்த ஷோ, பரிசு நகர வீரர்களின் கவசத்தைக் கண்டு 1860களில் இலண்டனுக்குப் பித்தளைத் தலைக்கவசத்தைக் கொணர்ந்தார். அது அழகியது, உறுதியானது. வீடுகளுக்கு மின்சாரம் வந்தபின் அப்பித்தளையே ஆபத்தாயிற்று. மின்கம்பி அறுந்து தொங்கும் இடத்தில் உலோகத்தைத் தலையில் தாங்கிச் செல்லல் ஆகாது என உணர்ந்து, 1930களில் அதனைக் கைவிட்டு, மின்னைக் கடத்தாத பொருளாலான கவசத்துக்கு மாறினர்.

விளக்கு தலைமேல் ஏறியது மீண்டும் சுரங்கத்திலேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்கொத்லாந்துச் சுரங்கத் தொழிலாளர் சிறிய எண்ணெய்த் திரி விளக்கைத் தொப்பியின் முன் கொளுவிக்கொண்டனர். இரு கைகளும் வேலைக்கு விடுதலை பெற்றன. 1900இல் கல்சியம் காபைட்டின்மேல் நீர் சொட்டி அசற்றலீன் வாயுவை எரிக்கும் சிறு விளக்குக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அது மிதிவண்டிக்கும் சுரங்கத் தொப்பிக்கும் பயன்பட்டது. 1915இல் எடிசனின் மின்தொப்பி விளக்கை அந்நாட்டுச் சுரங்கப் பணியகம் ஏற்றுக்கொண்டது. மின்கலவடுக்கு இடுப்பில், விளக்குத் தலையில், இடையே ஒரு வடம் என்பது அதன் அமைப்பு. வெறுஞ்சுடர் சுரங்கத்தைவிட்டு அகலத் தொடங்கிற்று. தீயணைப்பு வீரர்களோ நெடுங்காலம் கைவிளக்கையே தூக்கிச் சென்றனர். நீலவொளியைக் காலும் இருவாயியை 1990களில் யப்பானிய அறிஞர் ஆக்கியதும், அதிலிருந்து வெள்ளொளி பெறப்பட்டதும் இந்நிலையை மாற்றின. அக்கண்டுபிடிப்புக்கு 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. எல்.ஈ.டி. என்று நாம் வழங்கும் இவ்விருவாயி விரலளவு இடத்தில் பேரொளி தந்தது. நூறு இருநூறு கிராம் எடையுள்ள விளக்கைக் கவசத்தில் பொருத்துதல் எங்கும் எளிதாயிற்று.

எளிதானவுடன் ஒரு மயக்கமும் தோன்றிற்று. கூடிய ஒளி, கூடிய பார்வை என்று வாங்குவோர் எண்ணத் தலைப்பட்டனர். இம்மயக்கத்தைச் சிறு கணக்கொன்றினால் தெளிவிக்கலாம். ஒரு மீற்றர் செல்வதற்குள் ஒளியில் பாதி அழிந்துபோகும் புகையைக் கற்பனை செய்வோம். மூன்று மீற்றர் அப்பாலுள்ள கதவை நாம் காண வேண்டுமாயின், ஒளி மூன்று மீற்றர் சென்று, பட்டு, மூன்று மீற்றர் திரும்பி வர வேண்டும். ஆறு முறை பாதியானால் எஞ்சுவது அறுபத்து நான்கில் ஒரு பங்கு. கதவு நான்கு மீற்றருக்கு அப்பால் இருப்பின் இன்னும் இரு முறை பாதியாகி, எஞ்சுவது இருநூற்றைம்பத்தாறில் ஒரு பங்காகும். எனவே ஒரு மீற்றர் கூடுதலாகக் காண நான்கு மடங்கு ஒளி வேண்டும் போலத் தோன்றுகின்றது. ஆனால் விளக்கை நான்கு மடங்காக்கினால் நடப்பதென்ன? கதவிலிருந்து வரும் ஒளி நான்கு மடங்காகும். கண்முன் நிற்கும் புகைத்துகள்கள் திருப்பியனுப்பும் ஒளியும் அதே நான்கு மடங்காகும். கதவுக்கும் திரைக்கும் உள்ள விகிதம் அணுவளவும் மாறாது. கண் பொருளைப் பிரித்தறிவது இவ்விகிதத்தைக் கொண்டே. ஆகவே திரையினால் மறைந்த கதவை வலிய விளக்கு காட்டித்தராது. கண்ணை மட்டும் கூசச்செய்யும்.

விகிதத்தை மாற்றும் வழிகள் வேறு. முதலாவது, விளக்கைக் கண்ணிலிருந்து விலக்குதல். விளக்கு கண்ணருகே இருப்பின், பார்வை செல்லும் பாதை முழுவதிலுமுள்ள துகள்கள் மிக அண்மையிலேயே ஒளிபெற்று, அதனைக் கண்ணுக்கே திருப்புகின்றன. விளக்கு மார்பளவில் இருப்பின், கண்ணுக்கு முன்னுள்ள முதற் சில சாண் தூரம் ஒளிபெறாது இருண்டு நிற்கும். தலைக்கவசத்தில்தான் பொருத்த வேண்டுமாயின், உச்சியிலும் நெற்றியிலும் பொருத்துவதிலும் பார்க்க, விளிம்பின் கீழே ஒரு பக்கத்தில் பொருத்துதல் நன்று. மூச்சுக்கருவியின் முகக்கண்ணாடியில் அதன் ஒளி நேரே படலாகாது.

இரண்டாவது வழி, கற்றையை ஒடுக்குதல். இங்கே வெளிச்சவீட்டை நினைவுகூரலாம். வாவியின் முகத்துவாரத்துக்கு அருகே பாலமீன்மடுவில் 1913இல் எழுப்பப்பட்ட வெளிச்சவீடு நிற்கின்றது. கடலோடிக்கு வெளிச்சவீடு பயன்படுவது அதிலுள்ள சுடரின் பருமனால் மட்டுமன்று. ஒளியை எல்லாத் திசையிலும் சிந்தவிடாது வில்லைகளால் திரட்டி அனுப்பும் ஏற்பாட்டினாலேயே அது தொலைவில் தெரிகின்றது. பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் 1820களில் உலகுக்கு அளித்த கலை இது. விளக்குப் பெட்டியின்மேல் அச்சிடப்படும் லூமென் என்னும் அலகு, விளக்கு மொத்தமாகச் சிந்தும் ஒளியைக் கூறும். கண்டெலா என்னும் அலகு, ஒரு திசையில் திரண்டு செல்லும் ஒளியின் செறிவைக் கூறும். புகைக்குள் செல்பவர் முதலிற் கேட்க வேண்டியது கண்டெலாவையே. அகன்ற கற்றை பக்கத்திலுள்ள புகையையெல்லாம் ஒளிர்வித்து, வீரரை வெண்பஞ்சுக் கூட்டில் அடைத்துவிடும். ஒடுங்கிய கற்றை ஈட்டிபோற் செல்லும். சுற்றிலும் இருள் நிற்பதனாலேயே அது பட்ட இடம் புலனாகும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுருட்டின் நுனியிலிருந்து எழும் மெல்லிய புகை நீலமாகத் தோன்றுவதை எவரும் கண்டிருப்பர். துகள்கள் மிகச் சிறியனவாதலின் அவை நீலவொளியைக் கூடுதலாகச் சிதறுகின்றன. வெள்ளை இருவாயி விளக்குகள் பலவற்றில் நீலம் மிகுந்திருப்பதனால், மெல்லிய புகையில் மஞ்சள் கலந்த ஒளி சிறிது நலந் தரும். இந்நலத்தை மிகைப்படுத்தலாகாது. நீராவியின் துளிகளும் திரண்ட கரித்துகள்களும் பருமையானவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறுவன. பிரான்சு நாட்டிலே 1930களிலிருந்து 1993வரை மோட்டார் வண்டிகளின் முகப்பு விளக்கு மஞ்சளாயிருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. விளக்கின் இடமும் கற்றையின் ஒடுக்கமும் நிறத்தினும் முக்கியமானவை.

இங்கே ஒரு கேள்வி எழலாம். மார்பு விளக்கே நன்றெனின் தலைவிளக்கு எதற்கு? ஒரு கை நீர்க்குழாயிலும் மறு கை சுவரிலுமாகத் தவழ்ந்து செல்பவருக்கு, தலை திரும்பும் பக்கம் தானே திரும்பும் விளக்கு பெருந்துணை. புகை மெலிந்த அறையில் தேடும்போதும், காற்றுக்கொள்கலத்தின் அளவுமானியைப் படிக்கும்போதும், முடிச்சவிழ்க்கும்போதும் அதற்கு ஈடில்லை. புகை மிகத் திரண்ட இடத்தில் எவ்விளக்கும் வழிகாட்டாது. அங்கே குழாயும் சுவருமே வழி. வெப்பத்தைப் படமாக்கிக் காட்டும் கருவியே கண். அவ்விடத்திலும் விளக்குக்கு ஒரு பணி உண்டு. அது பார்ப்பதற்கன்று, பார்க்கப்படுவதற்கு. பின்னே வரும் தோழர் முன்னே செல்பவரை இழக்காதிருக்க, கவசத்தின் பின்புறத்தில் வேற்று நிறச் சிறுவிளக்கு ஒன்று இருத்தல் வேண்டும். ஆதலால் இரண்டு விளக்குகள் வேண்டும்: ஒடுங்கிய கற்றையுடன் மார்பில் ஒன்று, எளிதில் அணைத்தெரிக்கத்தக்கதாய்த் தலையில் ஒன்று.

டேவி எதிர்ப்பட்ட இழுபறியும் மறைந்துவிடவில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல ஊர்களில் சமையல் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தமை நமக்கு நினைவிருக்கும். வாயு கசிந்த அடுக்களைக்குள் நுழைபவரின் விளக்கில், ஆளியை அழுத்தும்போது எழும் சிறுபொறியே போதும். ஆகவே வெடிக்கத்தக்க வாயுவினிடையே பயன்படுத்த உகந்ததெனச் சோதித்துச் சான்று பெற்ற விளக்கையே கொள்ளல் வேண்டும். அவ்வாறு ஆக்கப்பட்டவற்றில் மின்னோட்டம் கட்டுப்படுத்தப்படுவதனால் சிலவேளை ஒளி சற்றுக் குறையும். அக்குறையை நாம் இரங்கவேண்டியதில்லை; கூடிய ஒளி புகையில் உதவாது என்பதை மேலே கண்டோம்.

நம் கீழைக்கடல் அண்மையில் கண்ட பெருந்தீயொன்று இவ்விடயத்தின் அருமையை உணர்த்தும். 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் நாள், ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெயுடன் சென்ற நியூ டயமண்ட் என்னும் கப்பல், மட்டக்களப்புக்குத் தெற்கே சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் தீப்பற்றியது. இயந்திர அறையில் எழுந்த அத்தீயில் மாலுமி ஒருவர் மாண்டார். இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் பல நாள் போராடி, எண்ணெய்த் தாங்கிகளைத் தீ அணுகாது காத்தன. கப்பலின் இயந்திர அறை சுரங்கத்தை ஒத்தது. சாளரமில்லை, புகைக்குப் போக்கில்லை. நகரத்துக் கட்டடங்களும் இப்போது அவ்வாறே அடைபட்டு எழுகின்றன. 2017 மே 31இல் சென்னைத் தியாகராய நகரில் பல மாடித் துணிக்கடையொன்று எரிந்தபோது, திரண்ட புகையே வீரர்களை உட்புகவிடாது தடுத்தது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மாடிக் கடைகள் பெருகிவரும் இந்நாளில் இவற்றை அயலூர்ச் செய்தி என்று தள்ளிவிடலாகாது.

நம் ஊருக்கே உரிய தேவைகளும் சில உள. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாளிரவு மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்தது. 2011 தைமாதத்தில் பெருவெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய வேளைகளில் தீயணைப்பு வீரரே மீட்புப் பணியாளருமாவர். ஆகவே ஒரு மீற்றர் ஆழத்து நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடாத விளக்கு வேண்டும். உப்புக்காற்று மின்முனைகளை அரிக்குமாதலின் அவற்றை அடிக்கடி துடைத்துப் பேணல் வேண்டும். மின்சாரம் பல நாள் தடைப்படும் ஊரில், மின்னேற்றும் கலத்தோடு கடையில் வாங்கும் சாதாரணக் கலத்தையும் ஏற்கும் விளக்கே நம்பத்தக்கது. ஆளி தடித்த கையுறையோடு அழுத்தத்தக்கதாயும், பட்டி வெப்பத்தில் உருகாததாயும், எடை கழுத்தை வருத்தாததாயும் இருத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் விலைப்பட்டியலைப் பார்த்து அறிய இயலாது. வாங்குமுன் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. அதற்குச் செலவும் அதிகமில்லை. வெற்றறை ஒன்றைத் தீங்கற்ற செயற்கைப் புகையால் நிரப்பி, விளக்குகளை அணிந்துகொண்டு வீரர்களே உள்ளே தவழ்ந்து பார்க்கட்டும். மூலையில் கிடத்திய பொம்மையை எவ்விளக்குடன் சென்றவர் விரைவில் கண்டெடுக்கின்றார் என்று குறித்துக்கொள்ளட்டும். பிரகாசமான பகலில், அலுவலக மேசையின்மேல், எவ்விளக்கு கண்ணைப் பறிக்கின்றதோ அதனையே தேர்வது எளிது. ஆனால் அதனைத் தேர்பவர் அதனுடன் உள்ளே செல்பவரல்லர். உள்ளே செல்பவரின் சொல்லைக் கேட்டு வாங்கும் நகரசபை, விளக்கின் விலையிற் சிறிது மிச்சம் பிடிக்கவுங்கூடும். ஒரு குடும்பத்தின் தலைவனை அதன் வாயிலுக்குத் திருப்பியனுப்பவுங்கூடும்.